எந்த மேடு?

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அன்றைக்கு எனக்கு ஜன்னலோரமே கிடைத்துவிட்டது. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசி உள்ளே வராமல் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு, நானும் கண்ணை மூடினேன். அந்த நேரம் பார்த்து பஸ்ஸில் இருந்த அத்தனை போன்களும் ஒன்றாக அலறின. சாதாரண மணிச் சத்தம் கிடையாது. நீளமான ஒரு ஊளை. கூடவே எல்லாப் போன்களும் கிடுகிடுவென்று நடுங்கின.

பக்கத்தில் மடியில் சின்ன வெங்காயப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா போனை என் மடியில் எறிந்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயய்யோ, வெடிக்கப் போவுதா?"

"ஒண்ணும் ஆகாதும்மா, உக்காருங்க" என்று சொல்லித் திரையில் வந்ததைப் படித்துக் காட்டினேன். வெள்ளம், புயல் மாதிரி சமயங்களில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்ப முடியுமா என்று பார்க்கிற சோதனை அது. கிடைக்கப்பெற்றவர்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கத் தேவையில்லை என்று கடைசியில் இருந்தது.

"ஒண்ணும் செய்ய வேணாமா?"

"வேணாம்."

"ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்றதுக்கா இந்தக் கத்து கத்துது? எம் மாமியாகூட இவ்ளோ கத்தாது."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "எல்லாரும் உசுரோட இருக்கீங்கள்ல? டிக்கெட் எடுங்க" என்றபடி பின்னால் போனார். நானும் சிரித்தேன். அந்த அலறலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

பேரிடர் காலக் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். பெயர்தான் பெரிது. நாலு மேசை, இரண்டு லேண்ட்லைன், ஒரு வயர்லெஸ், சுவரில் ஆறுகளும் ஏரிகளும் நீலமாக ஓடும் ஒரு வரைபடம். டெல்லியில் ஒருவர் வானத்தைப் பார்ப்பார். இன்னொருவர் ஆறுகளைப் பார்ப்பார். அணையில் ஒருவர் மதகைப் பார்ப்பார். சென்னையில் ஒருவர் இவர்கள் மூன்று பேரையும் பார்ப்பார். இவர்கள் எல்லோரும் பார்த்ததை எழுதி அனுப்பினால், கடைசியில் என் மேசைக்கு ஒரே தண்ணீர் நான்கு கடிதங்களாக வந்து சேரும். ஒன்றில் ஆரஞ்சு நிறம் இருக்கும், ஒன்றில் கன அடி இருக்கும், ஒன்றில் மில்லிமீட்டர் இருக்கும். நான்கையும் ஒன்றாக்கி, தாலுகா ஆபீஸ்களுக்கும் கொள்ளிடக்கரை வி.ஏ.ஓ.க்களுக்கும் அனுப்புவது என் வேலை. அவர்கள் அதை ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குள் படிப்பார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அந்த வேலையில் எனக்கு அதிகம் கோபம் வந்தது தண்ணீர் மீது கிடையாது, தமிழ் மீது. 'தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் தங்கள் கால்நடைகளுடன் மேடான, பாதுகாப்பான பகுதிகளுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' யார் கேட்டுக்கொள்கிறார்கள்? யாரை? ஆட்டோ ஒரு தெருவைக் கடப்பதற்குள் இந்த ஒரு வாக்கியம் முடியாது. முதல் பாதி மாரியம்மன் கோயில் தெருவுக்கும் இரண்டாம் பாதி அடுத்த தெருவுக்கும் போய்ச் சேரும். மைக் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்த பெண்கள், ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் போலிருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதாக ஒரு வி.ஏ.ஓ. சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல் வந்தது.

"இனிமே இதை நானே எழுதுறேன் சார்" என்று எங்கள் அறைக்குப் பொறுப்பான அதிகாரியிடம் சொன்னேன். ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருடம் வைத்திருக்கும் அமைதியான மனிதர்.

"வந்ததை வந்தபடி அனுப்புறதுதாம்மா நமக்குப் பாதுகாப்பு" என்றார்.

"நமக்குப் பாதுகாப்பு சரி. ஜனங்களுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒங்க இஷ்டம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அது அனுமதி.

அன்றிலிருந்து நான் எழுதினேன். சின்னச் சின்ன வாக்கியங்கள். பேசுகிற பேச்சு. 'ஆத்துல எறங்காதீங்க. துணி தொவைக்கப் போவாதீங்க. ஆடு மாட்டைக் கரையில கட்டாதீங்க.' வி.ஏ.ஓ.க்கள் போன் செய்து பாராட்டினார்கள். மைக்கில் படிப்பவர் மூச்சு வாங்காமல் படிக்கிறார், ஜனங்கள் நின்று கேட்கிறார்கள் என்றார்கள். சென்னையிலிருந்து ஒருவர், யார் இதை எழுதுவது என்று விசாரித்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, கர்வம்தான்.

அந்தக் கர்வத்தோடு நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற கரிசல். 'காட்டுக்குப் போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் களை வெட்டப் போவோம். வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒரு அதிகாரி, 'காட்டில் பயிர் சேதம்' என்று ஒரு மனுவில் படித்துவிட்டு அதை வனத்துறைக்கு அனுப்பிவைத்தார். ஊர்ப் பேச்சு தெரியாதவரை உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும் என்று டீக்கடையில் நின்று நான் அளந்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள். மேட்டூர் நிறைந்து வழிகிறது, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்று காலையில் செய்தி வந்தது. நான்கு கடிதங்களும் அரை மணிக்குள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே மாதிரி சொன்னதே ஒரு அதிசயம். எங்கள் கரையோர ஊர்களுக்குப் பகல் ஒரு மணி சுமாருக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று கணக்கு. நான் உட்கார்ந்து எழுதினேன்.

'மேட்டூர்த் தண்ணி வருது. ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க.'

மேட்டூர், மேட்டுக்கு. எதுகை தானாக வந்து விழுந்தது. எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். 'பாதுகாப்பான பகுதி' என்று மூலத்தில் இருந்ததைச் சேர்த்தால் ஓசை கெட்டது. எடுத்துவிட்டேன். மேடு என்றாலே பாதுகாப்புதானே என்று நினைத்தேன். சார் படித்துவிட்டு, "பாட்டு மாதிரி இருக்கேம்மா" என்றார். ஒன்பதே காலுக்கு எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டேன்.

பத்தரை மணிக்கு மேல் ஒரு கிராமத்து வி.ஏ.ஓ. கூப்பிட்டார். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அவர் ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர். இன்னொரு ஊரோடு சேர்த்து இந்த ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்க வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"மேடம், மைக் போட்டாச்சு. சூப்பரா வேலை செஞ்சிருக்கு. நம்ம ஜனங்க சொன்னதுமே கேக்கறது எங்கயாவது உண்டா? அங்க ஒரு அக்கா மொதல் ஆளா ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாங்களாம்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, புரியற மாதிரி சொன்னா ஏன் கேக்க மாட்டாங்க" என்றேன்.

"ஆமா மேடம். ஒரே ஒரு சந்தேகம்தான் கேக்கறாங்க. தண்ணி எறங்கற வரைக்கும் அவங்களுக்குச் சோறு தண்ணி குடுக்கணுமே, பரிசல் அனுப்புவீங்களான்னு."

"மேட்டுக்குப் போக எதுக்கு பரிசல்?"

அவர் இன்னொரு போனில் அந்த ஊர்க்காரர் யாரையோ கேட்டார். திரும்பவும் லைனுக்கு வரும்போது குரல் இறங்கியிருந்தது.

"மேடம்... அந்த ஊர்ல மேடுன்னா ஆத்துக்குள்ள இருக்காம். நடுவுல."

சுவரில் இருந்த வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். கொள்ளிடம் அகலமான ஒரு நீலப் பட்டையாக ஓடியது. அதன் நடுவில் எந்த மேடும் இல்லை.

பிறகு தெரிந்துகொண்ட விவரம் இது. அந்த ஊருக்கு நேர் எதிரே, ஆற்றின் நடுவில் நாணலும் கருவேலமும் மண்டிய ஒரு திட்டு இருக்கிறது. ஊரில் அதற்கு மேடு என்று பெயர். வேறு மேடு அந்த ஊரில் கிடையாது. 'மேட்டுக்குப் போ' என்றால் அங்கே போ என்றுதான் பொருள். ஆற்றில் சாதாரணமாகத் தண்ணீர் வரும்போது அந்த மேடு முழுகாது. புல் நன்றாக இருக்கும். ஆனால் அது அரசுப் புறம்போக்கு. ஆடு மேய்க்கக் கூடாது என்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது போய் விரட்டுவார்கள். அந்த அக்காவைப் போன மாதம்தான், இனி வரமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விரட்டியிருக்கிறார்கள். இப்போது அரசாங்கமே மைக் வைத்து மேட்டுக்குப் போ என்கிறது. அவர் யோசிப்பாரா? மற்றவர்கள் 'என்னமோ இடிக்குதே' என்று நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பதினெட்டு ஆடுகளோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடந்துவிட்டார்.

வி.ஏ.ஓ. அப்போது தன்னுடைய இன்னொரு ஊரில் இருந்தார். பைக்கில் வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகும். அக்காவின் நம்பரை மட்டும் விசாரித்து அனுப்பினார். நான் கூப்பிட்டேன். எடுத்ததும் என் புத்தி என்னை விடவில்லை, கத்திவிட்டேன்.

"ஏம்மா, ஒனக்கு அறிவிருக்கா? ஆத்துல தண்ணி வருதுன்னு சொன்னா, நடு ஆத்துல போயி ஒக்காந்திருக்கே!"

"யாரு நீ?"

"கன்ட்ரோல் ரூம்ல இருந்து பேசுறேன். ஒடனே கரைக்கு வா."

"ஓ, ஆபீஸா? போன மாசம் மேட்டை வுட்டு எறங்குன்னு வெரட்டுனீங்க. காலையில மேட்டுக்குப் போன்னு மைக் போட்டீங்க. ஆடு இன்னும் ஒரு வாய் புல்லு கடிக்கல, திரும்பவும் எறங்குங்கிறீங்க. எங்கள என்ன பந்துன்னு நெனச்சீங்களா, ஒதைச்சு ஒதைச்சு வெளையாட?"

போன் கட். நான் மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சார் எழுந்து வந்து, "நீங்க கோவமாப் பேசாதீங்க, குடுங்க" என்று வாங்கினார். இந்தத் தடவை அக்கா எடுத்தார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம்மா. தாங்கள் தற்போது இருக்கும் பகுதி வெள்ள அபாயத்துக்கு உட்பட்டது என்பதால்..." என்று ஆரம்பித்தார். அதுவும் கட். என் தமிழும் அவர் தமிழும் சேர்ந்து அந்த ஆற்றில் போயின.

மணி பதினொன்று ஆகிவிட்டது. பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. ஒரு பெண் நான் சொன்னேன் என்பதற்காக அங்கே நிற்கிறாள். நான் சொன்னதைத்தான் செய்தாள். மறுபடியும் அவள் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வேன் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, வெச்சுடாதீங்க. ஒரே ஒரு நிமிஷம். காலையில மைக்ல மேட்டுக்குப் போங்கன்னு சொன்னாங்கள்ல, அதை எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன். ஒங்க ஊர்ல மேடுன்னா ஆத்துக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா."

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது. காற்று கேட்டது.

"தெரியாமலா எழுதுனீங்க?"

"ஆமாக்கா."

பிறகு அவர் கேட்டார், "எவ்ளோ தண்ணி வருது?"

நான் கன அடியில் சொன்னேன். "அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. பழைய தூணு ஒண்ணு நிக்குதுல்ல, அதுல எது வரைக்கும் ஏறும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

எந்தத் தூண்? எனக்கு மேடும் தெரியாது, தூணும் தெரியாது. டெல்லியில் தெரியும் என்றும் தோன்றவில்லை. மேலே மதகுப் பக்கம் வேலை பார்க்கும் லஸ்கர் ஒருவரின் நம்பர் மட்டும் இருந்தது. ஷட்டர் ஏற்றி இறக்குகிற ஊழியர். முப்பது வருடமாக அந்த ஆற்றோடு இருப்பவர். சாரின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். கான்பரன்ஸ் எப்படிப் போடுவது என்று இரண்டு பேருக்குமே அந்தப் பதற்றத்தில் ஓடவில்லை. இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு, தலைமாடு கால்மாடாக ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து ஆரம்பித்து, அத்தனை ஆபீஸ்களையும் தாண்டி வந்த எச்சரிக்கை, கடைசியில் என் இரண்டு கைகளுக்கு நடுவே இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

"அண்ணே, நான் மேட்டுல நிக்கிறேன். ஆட்டோட."

"அடிப்பாவி! மேட்டுலயா? இன்னிக்கா?"

"தூணுல எது வரைக்கும் வரும்?"

"அந்த வெள்ளைப் பட்டை இருக்குல்ல, அது முழுவிப் போவும். நான் கண்ணால பாத்துத்தான் சொல்றேன். இங்க எல்லா ஷட்டரும் தூக்கியாச்சு."

"வெள்ளைப் பட்டையா?" என்றார் அக்கா. அவர் குரலில் இருந்த சண்டை போய்விட்டது. "அப்ப மேடு போச்சு."

நான்கு கடிதமும் நானும் சாரும் சொல்லி நம்பாதவர், அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டார். அதற்கப்புறம் யாரும் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "போனை நனையாம வெக்கணும், வெக்கிறேன்" என்றார். பிளாஸ்டிக் பை கசங்குகிற சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் கிளம்பிவிட்டார்கள், வழியில் லாரி நெரிசல். மற்ற எல்லா ஊருக்கும் 'மேட்டுக்கு' என்று இருந்ததை 'ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு' என்று மாற்றி அனுப்பினேன். மூன்று முறை தப்பாக அடித்தேன். சார் எனக்கு ஒரு டீ வாங்கி வைத்தார். அதன் மேல் ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த மாதாவையெல்லாம் கூப்பிட்டேன். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்த அக்கா எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ, அந்தச் சாமியையும் கூப்பிட்டேன்.

பன்னிரண்டரைக்கு வி.ஏ.ஓ. கூப்பிட்டார். கரையில்தான் நிற்கிறாராம். அக்காவும் கரையில் இருக்கிறார். "சரி சரி சரி" என்று மட்டும் சொன்னேன்.

முதல் நடையில் எட்டு ஆடு, இரண்டாவது நடையில் ஏழு என்று பிரித்து ஓட்டி வந்திருக்கிறார். முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. சினை ஆடு ஒன்றும், அதோடு சேர்ந்து நகர மறுத்த இரண்டும் மேட்டிலேயே நின்றுவிட்டன. மூன்றாவது தடவை அவர் இறங்கப் போனபோது வி.ஏ.ஓ. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா அவரைத் திட்டியிருக்கிறார், கையைக் கடிக்கக்கூடப் போனாராம். கடைசியில் கரையில் உட்கார்ந்து, அந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். அவை பதிலுக்குக் கத்தியது இந்தப் பக்கம் கேட்டதாம். பொழுது சாய்கிற வரைக்கும் தெரிந்தன. விடிந்து பார்த்தபோது மேடே தெரியவில்லை.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். எல்லாச் சம்பவத்துக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: 'எச்சரிக்கை மக்களைச் சென்றடைந்ததா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"எச்சரிக்கையை மீறி ஆத்துக்குள்ள போனாங்கன்னு எழுதிடுங்க" என்றார் சார். "வழக்கமா அப்படித்தான் எழுதறது. இல்லேன்னா நீங்கதான் மாட்டுவீங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுக்க என் மீதுதான். மீறினாளா? அந்த ஊரிலேயே எச்சரிக்கையைக் கேட்டு, புரிந்துகொண்டு, அதன்படி முதல் ஆளாக நடந்தவள் அவள் ஒருத்திதான். 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அதற்குப் பக்கத்தில் 'அதனால்தான்' என்று எழுதினேன். மூலத்தில் என்ன இருந்தது, நான் எதை மாற்றினேன், எதை எடுத்தேன் என்று கீழே வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தானும் கையெழுத்துப் போட்டார். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பதில் கொடுத்தேன். அது ஒரு பெரிய விஷயம் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். திருமழபாடியில் இறங்கி வேறு பஸ் மாறிப் போக வேண்டும். கை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது, யாரையோ ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிற மாதிரி. அக்கா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். 'வூட்டுக்காரர் ரெட்டிபாளையத்துல சிமெண்ட் பேக்டரியில சிப்டுக்குப் போயிருக்காரு' என்றார். பழத்தை வாங்கி உள்ளே வைத்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. "வாங்க, காட்டுறேன்" என்று கரைக்கு அழைத்துப் போனார்.

வண்டல் படிந்து, நாணல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஆற்றின் நடுவில் அது கிடந்தது. பக்கத்தில் பழைய தூண். வெள்ளைப் பட்டை மறுபடி வெளியே தெரிந்தது, அதற்கு மேலே ஒரு முழத்துக்குச் சேற்றுக் கறை.

"பாத்துக்குங்க. இதான் மேடு."

பார்த்தேன்.

"நீங்க எந்த ஊரு?"

"பெரம்பலூர்ப் பக்கம்க்கா."

"அங்க ஆறு இருக்கா?"

"எங்க ஊர்ல கெடையாதுக்கா. கெணறுதான். எங்களுக்கு மேடுன்னா மேட்டாங்காடு. கம்பு போடுவாங்க."

"அதான்" என்றார்.

வெளியூர் அதிகாரியின் காட்டுக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன் என்று அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன். அவர் அனுப்பிய தப்பில் ஒரு மனு வழி தவறிப் போனது. என்னுடையதில் மூன்று ஆடு. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். மடியில் பையோடு பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள், சீட் காலியாக இருந்தது.

இப்போதும் நான் பேசுகிற தமிழில்தான் எழுதுகிறேன். அதை விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் கொள்ளிடக்கரையில் ஒவ்வொரு ஊரிலும் ஒருவரிடம் கேட்டு, மேடு என்றால் எது, துறை என்றால் எது, தண்ணீரை எதில் வைத்து அளப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஊரில் கோயில் படித்துறையில் ஏழாவது படி. ஒரு ஊரில் அரசமரத்து வேர். பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஒரே வார்த்தை, பொருள் வேறு. வரைபடத்தில் அந்த மேட்டைப் பென்சிலால் நானே வரைந்திருக்கிறேன். செய்தியை அனுப்புவதற்கு முன்னால் அந்தந்த ஊரில் ஒருவருக்குப் போனில் படித்துக் காட்டுகிறேன். பத்து நிமிஷம் அதிகம் ஆகிறது. சென்னையில் ஒருவர், ஏன் தாமதம் என்று கேட்டார். படித்துக் காட்டுகிறோம் சார் என்றேன். யாருக்கு என்றார். ஆடு மேய்க்கிற ஒரு அக்காவுக்கு என்றேன். சரி என்றார்.

இந்த வருடமும் மேட்டூர் நிறைந்தது. காலையில் நான்கு கடிதமும் வந்தன. எழுதி முடித்து, அந்த ஊருக்குப் போன் போட்டு மெதுவாகப் படித்தேன். 'தண்ணி தூணுல வெள்ளைப் பட்டை வரைக்கும் வரும். ஆத்துக்குள்ள இருக்கற மேட்டுக்கு யாரும் போவாதீங்க. ஆடு மாட்டை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டு வந்துடுங்க.'

"புரியுதாக்கா? சரியா இருக்கா?"

"இருங்க" என்றார்.

"என்னக்கா, எதாவது தப்பா?"

"இருங்கன்னா இருங்க. ஒங்களுக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

வாயை மூடிக்கொண்டேன். செருப்பு மண்ணில் சரசரவென்று போகிற சத்தம் கேட்டது. மூச்சு இரைத்தது. அப்புறம் காற்றுச் சத்தம் பெரிதாகக் கேட்டது, கரைக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. கையை வாயில் குவித்து ஒரு குரல் கொடுத்தார், மறுபடி ஒன்று கொடுத்தார். பதில் ஒன்றும் வரவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்.

"மேட்டுல யாரும் இல்ல. இப்ப மைக் போடுங்க."